பெட்டியில் இல்லாத வெள்ளை

அத்திபெலே
9 ஜூன் 1957

அண்ணனுக்கு யூனிஸ் எழுதுவது.

பத்து நாளாக எழுத வேண்டும் என்றிருந்து இன்றுதான் முடிந்தது. சின்னவன் தூங்கினால் சரளா விழித்துக்கொள்கிறாள். அவள் கண் அசந்தால் இவன் அழுகிறான். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது, மருமகள் சரளாவை இன்னும் கொண்டுவந்து விடவில்லையே என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அவளை இப்போது அனுப்ப முடியாது. லீவுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாள். வெயில் சூடு என்று மோர் கொடுத்தேன், பிறகு ஓமத் தண்ணீர். வீட்டுக்கார லட்சுமம்மா வேப்பிலை அடித்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிப் பார்த்தேன், குழந்தைக்கு ஏது மதம் என்கிற மாதிரி, "மகுவுக்கு அதெல்லாம் ஏதும்மா" என்றுவிட்டார். எதற்கும் கேட்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. நாலு நாளைக்கு ஒரு தரம்தான் வெளிக்குப் போகிறாள். பத்து வயதுப் பெண், வாசல் வரை நடந்துவிட்டு உட்கார இடம் தேடுகிறாள்.

ஹோசூரில் புதிதாக வந்திருக்கும் டாக்டரிடம் கூட்டிப் போனோம். சின்ன வயது, பொறுமையாகப் பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் நீலமாக ஒரு கோடு இருக்கிற மாதிரி தெரிகிறது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றார். உடம்பில் ஈய விஷம் ஏறினால் அப்படிக் கோடு வருமாம். வீட்டில் யாராவது பெயிண்ட் வேலை செய்கிறார்களா என்று கேட்டார். சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் இல்லை, என் அண்ணன் வாட்டர்கலரில் படம் எழுதுகிறவர், பிள்ளை அவர் வீட்டில் இருந்துதான் படிக்கிறாள் என்றேன். அவர் வர்ணங்களில் ஈயம் கலந்த வெள்ளை ஏதாவது உண்டா, கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

பிரஷ்ஷை உதட்டில் வைத்து முனை கூட்டுவது உங்களிடமிருந்து அவளுக்கு வந்த பழக்கம். மார்ச்சில் வந்தபோது பார்த்தேன். ஒரே மேஜையில் இரண்டு பேரும், இரண்டு பேர் வாயிலும் பிரஷ். சிரித்துவிட்டு வந்தேன். காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தவள் நான். சிரித்துவிட்டு வந்ததுதான் இப்போது உறுத்துகிறது.

பட்டாள மேப் ஆபீஸ் சம்பளத்தில் என்னைப் படிக்கவைத்தவர் நீங்கள். நேரில் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் எழுத்தில் கேட்கிறேன். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு வர்ணத்தின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். கோபித்துக்கொள்ளாமல், உடனே.

யூனிஸ்


காக்ஸ் டவுன், பெங்களூர்
13 ஜூன் 1957

யூனிஸுக்கு,

கோபித்துக்கொள்ளாமல் என்று எழுதிவிட்டு, கோபம் வரும்படி எழுதவும் உனக்குத் தெரிந்திருக்கிறது. படிக்கவைத்தது வீண்போகவில்லை.

பெட்டியில் இருப்பவை: எலுமிச்சை மஞ்சள், காவி மஞ்சள், கிரிம்சன், செங்காவி, கோபால்ட் நீலம், பிரஷ்யன் நீலம், சுட்ட சியன்னா, ஒரு சாம்பல். எட்டே எட்டு. பச்சை நான் வாங்குவதில்லை, கலந்துகொள்வேன்.

வெள்ளை கிடையாது. அதை நீ கேட்டிருக்கவே வேண்டாம். வெள்ளை என்பது தாள். தூணோ, மேகமோ, வெள்ளையாக வரவேண்டிய இடத்தைத் தொடாமல் விடத் தெரிந்தவன்தான் வாட்டர்கலர்காரன். தெரியாதவன் பிறகு வெள்ளை அப்புவான். என் சனிக்கிழமை வகுப்பில் முதல் பாடமே அதுதான். பிப்ரவரியில் ரிச்சர்ட்ஸ் டவுன் பாமா, வீட்டில் வாங்கிக் கொடுத்தார்கள் என்று ஒரு வெள்ளை டியூபைக் கொண்டுவந்தாள். எல்லார் முன்னாலும் வாங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். "அதை எடுத்துப் பல்லு விளக்கும்மா" என்றேன். பதினோரு பேர் வகுப்பு, மற்றப் பத்துப் பேரும் சிரித்தார்கள்.

பிரஷ் முனையை உதட்டில் கூட்டாத ஆள் மேப் ஆபீஸில் ஒருவர் கிடையாது. யுத்தம் முழுக்க அங்கே பர்மாவுக்கு வர்ணம் தீட்டினோம். யாரும் சாகவில்லை. இங்கே சின்னத்தாயிதான் சமைக்கிறாள், அதே தண்ணீர், அதே சோறு. எங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் ஒன்றும் இல்லை.

கப்பல் ஏறுகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள். பெர்த்துக்கும் லண்டனுக்கும் போகிற குடும்பங்கள் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது என்று படமாகக் கேட்கிறார்கள். இந்த மாதம் மூன்று வீடு. மூன்றும் முகப்பில் வெள்ளை மரச்சட்டம் பின்னின பழைய பங்களாக்கள். ஆராவமுதன் கமர்ஷியல் தெருவில் ஃப்ரேமை அளவுக்கு அறுத்து வைத்துக்கொண்டு தினமும் சொல்லி அனுப்புகிறார். சரளா இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை.

பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள். தேறியதும் அனுப்பு.

டென்சில்


அத்திபெலே
2 ஜூலை 1957

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத இவ்வளவு தாமதமானதற்கு வெட்கமும் ஒரு காரணம்.

உங்கள் கடிதத்தை டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் அதோடு விடாமல் சரளாவையே கேட்டார், மாமா வெள்ளைக் கலர் போடுவாரா என்று. அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "மாமா வெள்ளை போடவே மாட்டாரு. வெள்ளைன்னா பேப்பர்" என்றாள். அந்த வலியிலும் பாடத்தை மறக்கவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமாக இருக்கலாம், மலிவு ஆட்கள் அதில் காரீயம் கலப்பதுண்டு என்றார் டாக்டர். மார்ச்சில்தான் சந்தைக்கு வந்த ஒருவனிடம் வீட்டுப் பித்தளை முழுவதற்கும் பூசி வாங்கினேன். வழக்கமான ஆள் இல்லை. மலிவு என்று கொடுத்தேன். அவள் லீவுக்கு வரப்போகிறாள், பாத்திரம் பளிச்சென்று இருக்கட்டும் என்று.

அன்றைக்கே எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைத்துவிட்டேன். மண்சட்டியில் சமைக்கிறேன். பிறகு டாக்டரே, மற்ற மூன்று பேருக்கும் ஒன்றும் இல்லையே, அப்படியானால் ஈயம் இல்லை, பூச்சிதான் என்று பூச்சி மருந்து கொடுத்தார். அவர் விட்டுவிட்டார். என்னால் விடமுடியவில்லை. அவள் சாப்பிட்ட ஒவ்வொரு நாளையும் எண்ணிப் பார்க்கிறேன். செக்போஸ்டிலிருந்து வந்ததும் இவர், "கையில எதையாவது எடுத்து வேலையைப் பாரு யூனிஸ், உட்கார்ந்து யோசிக்காதே" என்கிறார். இவர் எடுத்துக் கொடுத்த சட்டியை உடைத்துவிட்டேன்.

நேற்று பால் டம்ளரைத் தூக்கினாள். வலது மணிக்கட்டு அப்படியே தொங்கிவிட்டது. பால் மடியெல்லாம் கொட்டியது. அழவில்லை. கையை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு, "அம்மா, கை என் பேச்சைக் கேக்கலை" என்றாள்.

உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடுங்கள். என் அடுப்பிலேயே விஷத்தை வைத்துக்கொண்டு காக்ஸ் டவுனில் தேடியிருக்கிறேன். நான் எப்படிப்பட்ட தாய் என்று நீங்களாவது சொல்லுங்கள். நல்லதாகச் சொல்ல வேண்டும் என்பதில்லை.

யூனிஸ்


காக்ஸ் டவுன்
4 ஜூலை 1957

யூனிஸ்,

தந்தி உனக்கு இதற்குள் கிடைத்திருக்கும். அதில் உள்ளது நிஜம். பாத்திரம் இல்லை. நீ இல்லை. என்னிடம் ஈய வெள்ளை இருந்தது.

இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் அத்திபெலே பஸ் கண்டக்டர் பெருமாள்சாமி கையில் கொடுக்கிறேன். பொட்டலத்தில் இருப்பது சபேதா, வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் எண்ணெயில் குழைக்கிற பொடி. அதை நான் பிசின் தண்ணீரில் குழைத்தேன். டாக்டரிடம் காட்டு. குழந்தைகள் பக்கத்தில் பிரிக்காதே.

இரண்டு வருஷமாக என் வலது கண் சரியில்லை. கிட்டத்துக் கோடு இரண்டாகத் தெரிகிறது. பங்களா முகப்பில் ஒவ்வொரு சட்டத்தையும் வெள்ளையாக விட்டு, பின்னால் இருக்கும் மரத்தின் கறுப்பை அந்த இடுக்குகளில் நிரப்பவேண்டும். அது என்னால் முடியாமல் போயிற்று. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் கறுப்பாகத் தீட்டிவிட்டு மேலே வெள்ளைக் கோடு போட்டால் என்ன என்று தோன்றியது. டியூப் வாங்கப் போகவில்லை. அந்தக் கடையில்தான் என் பிள்ளைகளும் வாங்குகிறார்கள். டென்சில் மாஸ்டர் வெள்ளை வாங்கினார் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். அதனால் இரும்புக் கடையில் பொடி வாங்கினேன்.

இன்னும் இருக்கிறது. அந்தக் கோடுகளைக்கூட என்னால் போடமுடியவில்லை. போட்டது சரளா.

ஒரு நாள் சும்மா கையில் கொடுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, ஸ்கேல் இல்லாமல், நூல் மாதிரி இழுத்தாள். அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் ஒரு மணி நேரம். நூல் மாதிரி கோடு வேண்டுமானால் ஊசி மாதிரி முனை வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தரம் உதட்டில் வைப்பாள். முனையைக் கூட்டு, கூட்டு என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினாலு வீடுகள். எல்லாவற்றிலும் கீழே என் கையெழுத்து.

யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். "மாமா வெள்ளை போடமாட்டாரு, வெள்ளைன்னா பேப்பர்னு சொல்லணும்" என்று சொல்லிக் கொடுத்தேன். விளையாட்டுப்போலத்தான் சொன்னேன். அவள் அதை டாக்டரிடம் சொன்னாள் என்று உன் கடிதத்தில் படித்ததும் தந்தி ஆபீசுக்கு ஓடினேன்.

ஜூன் மாதம் நீ கேட்டபோது எனக்குத் தெரியும். நிச்சயமாகத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வரி எழுதினால் பதினோரு பிள்ளைகளுக்கு முன்னால் தலை குனியவேண்டுமே என்றுதான் யோசித்தேன். மூன்று வாரம் போய்விட்டது.

நீ எப்படிப்பட்ட தாய் என்று கேட்டிருந்தாய். முதல் நாளே சரியான இடத்தில் கேள்வி கேட்ட தாய்.

டென்சில்


அத்திபெலே
20 ஆகஸ்ட் 1957

அண்ணனுக்கு,

தந்தி வந்த மறுநாளே சரளாவைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தோம். ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல்கூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் சர்ச் மணி எனக்குக் கேட்டது. சொல்லி அனுப்பலாம் என்று இவர் இரண்டு தரம் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். நீங்கள் அத்திபெலேவுக்கு வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுப் போனதாக லட்சுமம்மா சொன்னார். மூன்று தரமாம்.

ஈயத்தை வெளியே எடுக்க இப்போது ஊசி இருக்கிறது. வயிற்று வலி நின்றுவிட்டது. சாப்பிடுகிறாள். கை பற்றிப் பெரிய டாக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை, வரலாம், மாதக்கணக்காகும் என்றார். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உங்களைத் திட்டி நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதில் ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களிடம் படிக்கும் பதினோரு பிள்ளைகளும் பிரஷ்ஷை வாயில் வைக்கிறார்கள். உங்களைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே போய், என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லவேண்டும். சரளாவின் பெயரையும் சொல்லவேண்டும். போகவில்லை என்றால் நான் போவேன்.

பித்தளையெல்லாம் உள்ளே வந்துவிட்டது. அதில் சமைக்கும்போது இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயத்தை மூன்று வாரம் நீங்கள் எனக்குக் கொடுத்து வைத்திருந்தீர்கள்.

யூனிஸ்


காக்ஸ் டவுன்
15 செப்டம்பர் 1957

யூனிஸுக்கு,

பதினோரு வீட்டுக்கும் போய்விட்டேன். முழுதாகச் சொன்னேன். எட்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லாமல் வாசலிலேயே கேட்டார்கள். அது நியாயம்தான், நானே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பாமா வீட்டில் அவள் அம்மா காபி கொடுத்தார்கள். நான் எறிந்த டியூபைப் பாமா அன்றைக்கே பொறுக்கி எடுத்து வந்து அலமாரியில் வைத்திருந்தாளாம். கொண்டுவந்து காட்டினாள். லேபிளைப் படிக்கச் சொன்னேன், எனக்குத் தெரியவில்லை. படித்தாள். துத்தநாக வெள்ளை. அதில் ஈயம் இல்லை. அதைப் பிரித்து அன்றைக்கு மேஜையில் வைத்திருந்தால் சரளா வாயில் அதுதான் போயிருக்கும். பாமா சனிக்கிழமை வருகிறாள். சொல்லிக்காட்ட வருகிறாளோ, கற்றுக்கொள்ள வருகிறாளோ, தெரியவில்லை.

இப்போது மூன்று பேர். ஒவ்வொருவர் இடது கையிலும் ஒரு துணி, முனையை அதில்தான் கூட்டவேண்டும். என் கை மட்டும் பழக்கத்தில் வாய்க்குப் போகிறது. அதனால் உதட்டில் ஒரு கிராம்பை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். பிரஷ் இடித்தால் கிராம்பு விழும், தெரிந்துவிடும். ஆரம்பத்தில் ஒரு வகுப்பில் ஏழு தரம் விழுந்தது.

பெர்த்திலிருந்து ஓஸ்வால்ட் கடிதம் போட்டிருந்தார். இரண்டு வருஷம் முன்னால் நான் எழுதிக் கொடுத்த அவர் வீட்டுப் படத்தில், முகப்புச் சட்டமெல்லாம் கறுத்துக்கொண்டு வருகிறதாம். கடல் உப்புக்காற்றுதான் காரணமா, கண்ணாடியைத் திறந்து துடைக்கலாமா என்று கேட்டிருந்தார். எண்ணெயில் குழைத்தால் நிற்கிற அந்த வெள்ளை தண்ணீரில் நிற்காது, காற்றுப் பட்டால் கறுக்கும் என்பது எனக்கே தெரியாது. திறக்கவேண்டாம், துடைக்கவேண்டாம், அது விஷம் என்று எழுதினேன். ஏன் வெள்ளை போட்டேன் என்றும் எழுதினேன். விலாசம் தெரிந்த மற்ற ஒன்பது பேருக்கும் எழுதிவிட்டேன்.

ஆராவமுதன் கடையில் விற்காமல் இருந்த இரண்டு படத்தைக் கேட்டு வாங்கினேன். "படம் ஜோராத்தானே இருக்கு மாஸ்டர், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரே ஸ்டூல் போட்டு இறக்கிக் கொடுத்தார். இனி என் படத்தை ஜன்னலில் வைக்கமாட்டார் என்று நினைக்கிறேன். வீடு கேட்டு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஏரியும் வானமும் எழுதுகிறேன். அதற்குக் கண் அவ்வளவு வேண்டாம்.

அந்த இரண்டில் ஒன்றைப் பார்சலில் அனுப்புகிறேன். என் கையெழுத்தைச் சுரண்டினால் தாள் கிழியும். பக்கத்தில் அவள் பெயரை எழுதியிருக்கிறேன். கண்ணாடியைச் சுற்றிலும் ஒட்டியிருக்கிறது, திறக்காதே. உனக்கு வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடு. ஆனால் அவள் எப்படி ஒரு கோடு போட்டாள் என்பது உன் வீட்டில் இருக்கவேண்டும் என்று தோன்றியது.

கை எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

டென்சில்


அத்திபெலே
12 ஜனவரி 1958

அண்ணனுக்கு,

நான்கு மாதமாகப் பதில் எழுதவில்லை. கோபம் ஒரு பாதி. மற்றப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

கை கொஞ்சம் எழுந்திருக்கிறது. ஸ்பூனைப் பிடிக்கிறாள். போன வாரம் ஸ்லேட்டில் தன் பெயரை எழுதினாள், எழுத்து நடுங்குகிறது. தம்பி எச்சில் பண்ணி அழித்துவிட்டான், இன்னொரு தரம் எழுதினாள். பிரஷ் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டோம். காக்ஸ் டவுனுக்கு இனி அனுப்பமாட்டேன். அதை உங்களிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

படத்தைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தச் சட்டங்களை எண்ண ஆரம்பித்து நூற்றுப் பத்தில் விட்டுவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் உதடு. அண்ணா, அவ்வளவு அழகாக இருக்கிறது அது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது எழுதவந்த விஷயம்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் நீங்கள் அனுப்பிய பொடியைக் காட்டி, இதை வாயில் வைத்தாயா என்று அவளைக் கேட்டார். பார்த்ததே இல்லை என்றாள். பயத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். தனியாக இருக்கும்போது, அம்மாவுக்கு எல்லாம் தெரியும், மாமாவே எழுதிவிட்டார் என்றேன். "மாமா எழுதியிருக்கமாட்டாரு" என்றாள். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நான்கு வரி படித்தாள். மடித்தாள், ஒரு கைதான், மடிக்க நேரமாயிற்று. திருப்பிக் கொடுத்து, "இது மாமா எழுத்து இல்லை" என்றாள்.

அத்தனை ஊசி போட்டார்கள். ஒரு வார்த்தை வரவில்லை. நேற்று அவள் படத்தைப் பார்த்துவிட்டாள். தன் பெயரையும் பார்த்தாள். முகம் மலரும் என்று நான் காத்திருந்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, "அம்மா, இதை யாராவது பார்த்தாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு தன் இடது கையால் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

நீங்கள் விளையாட்டுப்போல வாங்கிய சத்தியத்தை அவள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள். பதினோரு வீட்டில் சொன்னீர்கள், பெர்த் வரை எழுதினீர்கள். அவளிடம் நீங்கள் சொல்லவில்லை. நான் சொல்லியும் அவள் நம்பவில்லை. அது உங்கள் வாயால்தான் வரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பத்தரை மணி பஸ்ஸைப் பிடியுங்கள். சாப்பாடு இங்கேதான். உங்களை மன்னித்துவிட்டேனா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அது நமக்குள் கிடக்கட்டும், நாம் பெரியவர்கள், பொறுப்போம். அவளிடம் உட்கார்ந்து, நான் வெள்ளை போட்டேன், நீதான் கோடு போட்டாய், எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், இனி நீயும் சொல்லலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

நான் சமையல்கட்டில் இருப்பேன். கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.

யூனிஸ்